நூலின் நுனியில் ஒரு விமானம்

பாடசாலை விடுமுறை தொடங்கிவிட்டால் வீட்டிலே பெரியோரின் அமைதி குலைவது வழக்கம். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு வீட்டு முற்றமும் போதாது, வீதியும் ஆகாது. கையை ஓயவிடாது, மனத்தையும் பிடித்து வைக்கத்தக்க வேலை ஒன்றைத் தேடிக் கொடுத்தாலன்றி இந்தப் பருவத்துப் பிள்ளைகளுடன் காலந்தள்ளுதல் எளிதன்று. இவ்வாரம் அத்தகைய வேலை ஒன்றைப் பற்றிக் கூற எண்ணுகிறோம். இது பின்னேரம் ஒன்றில் முடிந்துவிடும் காகித வேலையன்று. ஒரு வாரம் பிடிக்கும்; சிறிது பணமும் செல்லும்; பெரியவர் ஒருவர் கூடவே இருத்தல் வேண்டும். ஆயின், பிள்ளை தன் கையாற் செய்த விமானம் தன் கைப்பிடிக்குப் பணிந்து தன்னைச் சுற்றிப் பறப்பதைக் காணும் அந்தக் கணத்துக்கு ஈடாகச் சொல்லத்தக்க விளையாட்டுகள் மிகச் சிலவே.

மாதிரி விமானங்கள் மூவகைப்படும். கையை விட்டதும் தன்போக்கிற் பறந்து செல்வது ஒருவகை. அது எங்கே இறங்கும் என்று எவரும் சொல்ல முடியாது. பக்கத்து வளவின் பனைமரத்தில் ஏறியிருக்கவும் கூடும். வானொலி அலையினால் இயக்கப்படுவது இன்னொரு வகை. அதன் கருவிகள் முன்னரிலும் மலிந்துவிட்டன என்றாலும், தொடக்கப் பிள்ளைக்கு அது கைவேலையாக இராமல் விலைக்கு வாங்கும் பொருளாகவே முடிந்துவிடுகின்றது. இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் நாம் இங்கு கூறப்போகும் நூற்கட்டுப்பாட்டு விமானம். பறப்பவன் நடுவில் நிற்பான். அவன் கைப்பிடியிலிருந்து இரண்டு மெல்லிய இழைகள் விமானத்துக்குச் செல்லும். விமானம் அவனைச் சுற்றி வட்டமிடும். அவன் மணிக்கட்டைச் சாய்த்தால் ஏறும், இறங்கும். அவ்வளவே.

பட்டம் ஏற்றிப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இது முற்றிலும் அந்நியமானதன்று. தைப்பொங்கற் காலத்தில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் வானை மறைக்கும் பட்டங்களைக் கண்டவர்கள், முச்சை சிறிது பிசகினாலும் எத்துணை பெரிய பட்டமும் தலைகுத்தி விழும் என்பதை அறிவார்கள். அந்த நுட்ப உணர்வு இங்கும் வேண்டும். வேறுபாடு ஒன்று உண்டு. பட்டத்தைக் காற்றுத் தாங்குகிறது. இவ்விமானமோ தன் வேகத்தினாலே தன்னைத் தாங்குகிறது. காற்று இதற்கு நண்பனன்று.

இந்த முறை பரவியதற்கு அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்துப் போட்லண்ட் நகரைச் சேர்ந்த ஜிம் வோக்கர் என்பவரே பெரிதும் காரணர். அவருடைய ‘பயர்போல்’ என்னும் விமானப் பொதி 1940இல் விற்பனைக்கு வந்தது. இரு கைகளில் இரண்டும் தலைக்கவசத்தில் ஒன்றுமாக மூன்று விமானங்களை ஒரே வேளையிற் பறக்கவிட்டுக் காட்டி மக்களை வியப்பில் ஆழ்த்தியவர் அவர். தம் முறைக்குக் காப்புரிமையும் பெற்றிருந்தார். ஆயினும் 1950களின் நடுப்பகுதியில் நடந்த வழக்கொன்றில், அதே மாநிலத்தவரான ஓபா செயின்ட் கிளேர் என்பவர் 1930களின் பிற்பகுதியிலேயே இத்தகைய விமானத்தைப் பறக்கவிட்டமை எடுத்துக்காட்டப்பட்டு, அந்தக் காப்புரிமை செல்லாதென்றாயிற்று. வழக்கில் வென்றவர் யார், தோற்றவர் யார் என்பது நமக்கு வேண்டாம். இருவரும் கண்ட வழி எத்துணை எளிமையானது என்பதையே பிள்ளைக்குக் காட்டுதல் வேண்டும்.

அந்த வழியின் உயிர்நிலை ஒரு சிறு முக்கோணத் தகடு. மூன்று மூலையிலும் ஒவ்வொரு துளை, நடுவே அது சுழல்வதற்கு ஓர் ஆணி. முன் மூலையிலும் பின் மூலையிலும் கட்டிய கம்பிகள் சிறகின் வழியே வெளியேறிக் கைப்பிடி இழைகளோடு சேரும். மூன்றாம் மூலையிலிருந்து ஒரு தள்ளுகோல் வாலுக்குப் போய், அங்குள்ள அசையும் பலகையாகிய உயர்த்தியின் கொம்பிற் கோக்கப்படும். கைப்பிடியின் மேற்பக்கத்தை நம்மை நோக்கிச் சாய்த்தால் ஓர் இழை இழுபடும், மற்றது தளரும்; தகடு திரும்பும்; உயர்த்தி எழும்; விமானம் ஏறும். கடதாசி மட்டையில் இதை வெட்டி, குண்டூசி குத்தி, மேசையில் வைத்து இயக்கிப் பார்க்குமாறு பிள்ளையிடம் முதலிற் கொடுங்கள். நெம்புகோலைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் இரண்டு பக்கம் படிப்பதிலும் இந்தக் கால்மணி நேரம் பயனுடையது என்பது நம் எண்ணம்.

இனி வேலைக்கு வருவோம். முதல் விமானத்துக்கு வளைவான சிறகும் விலா எலும்புகளும் மெல்லிய தாள் போர்வையும் வேண்டவே வேண்டாம். அழகாக இருக்கும், ஆனால் முதல் விழுகையிலேயே நொறுங்கும். தட்டைப் பலகையில் வெட்டியெடுத்த விமானமே தொடக்கத்துக்கு உகந்தது. மரம் பல்சா. தென்னமெரிக்காவின் ஈக்குவடோர் நாட்டிலிருந்து பெரும்பாலும் வரும் இம்மரம் விரல் நகத்தால் அழுத்தினாற் பள்ளம் விழும் அளவுக்கு மெதுமையானது; ஆயினும் தன் நிறைக்கு வியக்கத்தக்க வலிமையுடையது.

சிறகு 20 அங்குல நீளம், 4 அங்குல அகலம், 3/16 அங்குலத் தடிப்புள்ள ஒரே பலகை. முன் விளிம்பை உருட்டியும் பின் விளிம்பைச் சரித்தும் அரத்தாளால் தேய்க்க வேண்டும். உடல் 3/8 அங்குலத் தடிப்பில் 15 அங்குல நீளம். சிறகு பொருந்துமிடத்தில் 2 அங்குல உயரம் வைத்து வாலை நோக்கி ஒடுக்கிக்கொள்ளலாம். வாற்சிறகு உயர்த்தியுடன் சேர்த்து 8 அங்குலத்துக்கு 2 1/2 அங்குலம். நிமிர்ந்து நிற்கும் வாற்பலகைக்கு அளவு கண்மதிப்பே போதும். இவ்விரண்டும் 1/8 அங்குலப் பலகை. மூக்கிலே எஞ்சினைத் தாங்க 1/8 அங்குல ஒட்டுப்பலகையில் 1 1/2 அங்குலச் சதுரம் ஒன்று. சக்கரக் கால்களுக்கு உருக்குக் கம்பி. கழித்துப் போட்ட சைக்கிள் கம்பியும் உதவும்.

சிறகை உடலிற் பொருத்தும்போது சரிபாதியாகப் பொருத்தலாகாது. விமானம் இடப்பக்கமாகச் சுற்றும். ஆகவே இடச்சிறகு வட்டத்தின் உள்ளே இருக்கும். அந்த உட்சிறகு வெளிச்சிறகிலும் ஓர் அங்குலம் நீண்டிருத்தல் வேண்டும். வட்டத்தின் உட்புறம் வெளிப்புறத்திலும் மெதுவாகச் செல்வதனாலும், இழைகளின் பாரத்தை அதுவே சுமப்பதனாலும் இந்த ஏற்பாடு. வெளிச்சிறகின் நுனியில் கால் அவுன்ஸ் ஈயத்தைப் பதித்து ஒட்டுக. நிமிர்ந்த வாற்பலகையின் பின்விளிம்பு சற்றே வலப்புறம் திரும்பியிருக்க வேண்டும். எஞ்சினின் முகமும் இரண்டு பாகை வலப்புறம் நோக்க வேண்டும். இவையெல்லாம் எதற்கு என்று பிள்ளை கேட்கும்; கேட்க வேண்டும். விமானம் எந்நேரமும் நம்மை விட்டு வெளியே ஓட முயன்றுகொண்டிருக்க வேண்டும் என்பதே விடை. இழை இறுகியிருக்கும்வரை விமானம் நம் வசம். இழை தளர்ந்த கணமே அது எவர் வசமுமன்று.

முக்கோணத் தகட்டின் ஆணியை முன்விளிம்பிலிருந்து ஒன்றே கால் அங்குலம் பின்தள்ளி இறுக்குங்கள். ஆணியின் அடியில் ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்று வையாதுவிட்டால், பல்சாவைப் பிய்த்துக்கொண்டு ஆணி வந்துவிடும். தள்ளுகோலைக் கொம்பின் வெளித்துளையிலே கோக்க வேண்டும். அப்பொழுது உயர்த்தி குறைவாக அசையும். பழகாத கையின் பதற்றம் வாலுக்கு அப்படியே போய்ச் சேராது. இருபுறமும் 15 பாகை அசைந்தால் தொடக்கத்துக்குத் தாராளம். உயர்த்தியின் கீல்களுக்குத் துணி நாடாத் துண்டுகளை மேலும் கீழுமாக மாற்றி ஒட்டலாம். எங்கும் இறுக்கம் இருத்தல் ஆகாது: விமானத்தின் மூக்கை மேல்நோக்கிப் பிடித்தால் உயர்த்தி தன் பாரத்தாலேயே தொய்ய வேண்டும்.

ஒட்டு வேலைக்குச் சாதாரண வெண்பசை நன்று. மூக்குப் பலகைக்கு மாத்திரம் இரு பாகமாகக் கலக்கும் எபொக்சிப் பசை வேண்டும். பசை காய்வதற்குள் கைவைத்துப் பார்க்கும் ஆவலைப் பிள்ளையால் அடக்க முடியாது. இரவு உணவுக்குமுன் ஒட்டிவிட்டுப் படுக்கப் போவதே சிறந்த உபாயம். வர்ணம் பூசுவதில் அளவு வேண்டும். எஞ்சினின் எரிபொருள் சாதாரண வர்ணத்தைக் கரைத்துவிடுமாதலால், அதைத் தாங்கும் வார்னிஷ் மெல்லியதாக இரண்டு பூச்சுப் போதும். வாலிலே ஏறும் ஒவ்வொரு பூச்சும் சமநிலையைப் பின்னுக்கு இழுக்கும்.

சமநிலை என்றோம். இதுவே பட்டத்தின் முச்சைக்கு ஒப்பானது. வேலையெல்லாம் முடிந்தபின், முன்விளிம்பிலிருந்து முக்கால் அங்குலம் தள்ளிச் சிறகின் அடியில் இரு விரல்களை வைத்து விமானத்தைத் தூக்குங்கள். அது நேராகவோ, மூக்குச் சற்றுத் தாழ்ந்தோ நிற்க வேண்டும். வால் தாழுமாயின் மூக்கிலே ஈயம் சேர்க்குமட்டும் அதைப் பறக்கவிடவே கூடாது. மூக்குப் பாரமான விமானம் மந்தமாகப் பறக்கும். வாற்பாரமான விமானம் பறப்பவனைக் கேளாமலே துள்ளும். முழு நிறை 5 அவுன்ஸ், அதாவது 150 கிராம் அளவில் நின்றால் வேலை செம்மையாக நடந்ததென்று மகிழலாம்.

எஞ்சின் இந்த அளவுக்கு 0.8 கன சென்ரிமீற்றர் உடையதாக இருந்தாற் போதும். அமெரிக்கக் காக்ஸ் நிறுவனத்தார் செய்த இத்தகைய குட்டி எஞ்சின்கள் இன்றும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. 6 அங்குல விசிறி அதற்குப் பொருத்தம். 1 1/2 வோல்ற்று உலர்மின்கலத்தால் உச்சியிலுள்ள குளோ பிளக்கைச் சூடேற்றி விசிறியைச் சுண்டினால் எஞ்சின் பற்றிக்கொள்ளும். பற்றியபின் மின்கலத்தை எடுத்துவிடலாம். இக்காலத்தில் மின்மோட்டரும் பற்றறியும் நேரங்காட்டியும் பூட்டிப் பறப்போரும் பலர். சத்தமும் எண்ணெய்ப் பிசுக்கும் இல்லை என்பதால் குடிமனை நெருங்கிய இடங்களுக்கு அதுவே மேல் என்போம். பற்றறியை மின்னேற்றும்போது மாத்திரம் ஆளில்லா அறையில் விட்டுச் செல்லக் கூடாது.

எஞ்சின் வழியை மேற்கொள்வோர் எரிபொருளைப் பற்றி நன்கு அறிந்துகொள்ள வேண்டும். அது மெதனோல், ஆமணக்கெண்ணெய், சிறிதளவு நைத்திரோமெதேன் என்பவற்றின் கலவை. மெதனோல் கொடிய நஞ்சு. சிறிது உள்ளே சென்றாலும் கண்பார்வையைப் பறிக்கவும் உயிரைப் போக்கவும் வல்லது. சோடாப் போத்தலிலோ மருந்துப் போத்தலிலோ ஊற்றி வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. இதற்கு அது வேண்டாம். வீட்டிலுள்ள சிறு குழந்தை நிறத்தைக் கண்டு பானமென்று எண்ணிவிடும். மேலும் மெதனோலின் சுவாலை பட்டப்பகலில் கண்ணுக்குப் புலப்படாது. பற்றியிருப்பது தெரியாமலே கையைச் சுட்டுக்கொள்ள நேரும். பூட்டிய அலுமாரியே அதற்கு இடம். ஊற்றுவதும் அடைப்பதும் பெரியவர் வேலை.

விசிறியும் விளையாட்டுப் பொருளன்று. ஓடும் விசிறி கண்ணுக்குத் தெரியாத வட்டமாகிவிடும். விரலாற் சுண்டுவதிலும் ஒரு சிறு தடியாற் சுண்டுவதே முறை. எஞ்சின் ஓடத் தொடங்கியபின் எவரும் விசிறிக்கு நேர்ப்பக்கத்தில் நிற்றல் ஆகாது. பெரியவராயினும் கண்ணாடி அணிந்திருத்தல் நன்று.

இழைகளுக்கு வருவோம். தொடக்கத்துக்கு 35 அடி நீளம் அளவானது. கடற்கரையூரிலே கைக்கு எட்டுவது தங்கூசிதான். ஆயினும் தங்கூசி வேண்டாம். அது றப்பர் போல நீளும். கைப்பிடியில் நாம் காட்டுவது வாலுக்குச் சென்று சேருமுன் பாதி தேய்ந்துவிடும். நீளாத பின்னல் நூலோ, மெல்லிய உருக்கு இழையோ வேண்டும். இரண்டும் ஒரே நீளமாக இருத்தல் முக்கியம். மேல் இழைக்கும் கைப்பிடியின் மேற்பக்கத்துக்கும் சிவப்பு வர்ணம் தீட்டிவிட்டால், அவசரத்தில் தலைகீழாய்ப் பிடித்து விமானத்தை நிலத்திற் குத்தும் அவலம் நேராது.

35 அடி என்பது 10.7 மீற்றர். அந்த வட்டத்தின் சுற்றளவு ஏறத்தாழ 67 மீற்றர். நான்கு செக்கனில் ஒரு சுற்று வந்தால் வேகம் மணிக்கு 60 கிலோமீற்றர். அவ்வேளையில் விமானம் தன் நிறையைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் இழையை இழுக்கும். அதாவது 400 கிராம் அளவு. கணக்குப் பாடம் கசக்கும் பிள்ளையும் இந்தக் கணக்கை இரண்டு முறை செய்து பார்க்கக்கூடும். ஆயினும் காற்று மோதலுக்கும் திடீர்ச் சொடுக்கலுக்கும் இடம்விட்டு, ஒவ்வொரு நாளும் பறக்குமுன் விமானத்தை ஒருவர் பிடித்துக்கொள்ள, கைப்பிடியில் விற்றராசைக் கொளுவி 3 கிலோ காட்டும்வரை இழுத்துப் பார்க்க வேண்டும். அறுவதென்றால் அப்பொழுதே அறட்டும். கைப்பிடியிலிருந்து மணிக்கட்டுக்கு ஒரு வார் கட்டுவதையும் மறத்தல் ஆகாது. கை நழுவிய விமானம் எவர் முகத்தை நோக்கிச் செல்லும் என்று சொல்ல இயலாது.

இனி நாம் கூறப்போவதை வாசகர் தயவுசெய்து இருமுறை படிக்க வேண்டும். விமானம் பறக்குமிடத்தின் அருகில் மின்கம்பி இருத்தல் கூடாது. உலோக இழை மின்கம்பியைத் தொட்டாலும், அதற்கு மிக அண்மையிற் சென்றாலும், மின்சாரம் இழை வழியே கைப்பிடிக்கு வரும். நூல் இழையும் ஈரப்பட்டால் நம்பத்தக்கதன்று. பிற நாடுகளில் பல்லாண்டு அனுபவமுள்ள பெரியவர்களே இவ்வாறு உயிரிழந்திருக்கின்றனர். வட்டத்தின் எல்லையிலிருந்து எப்புறம் நோக்கினும் நூறடிக்குள் மின்கம்பி எதுவும் இல்லாத திடலையே தேர்ந்தெடுங்கள். அத்தகைய இடம் ஊரில் இல்லையாயின் அடுத்த ஊருக்குச் செல்லுங்கள். அதுவும் இயலாதென்றால் விமானம் அலுமாரியின் மேல் அழகுக்கு இருக்கட்டும். இடி முழங்கும் மாலையிலும் இதே விதிதான்.

நல்ல நாள் காற்றடங்கிய காலைப்பொழுது. சோளகம் வீசும் மாதங்களில் பொழுது ஏறுமுன்னரே முடித்துக்கொள்ளல் வேண்டும். புல் உள்ள தரையாயின் விழும் விமானம் பிழைக்கும். வட்டத்துக்கு வெளியே பதினைந்து அடி தள்ளி ஒரு கோடு கீறி, பார்ப்போர் எல்லாரையும் அதற்கு அப்பால் நிறுத்துங்கள். தம்பி தங்கைமாரை ஒருவர் கையிற் பிடித்துக்கொள்வது மேலும் நல்லது.

காற்று முதுகிற் படுமாறு பறப்பவன் நிற்க, விமானம் அவனுக்கு எதிரே இருக்க வேண்டும். அப்பொழுது காற்று விமானத்தை வெளிப்புறமாகத் தள்ளி இழையை இறுக்கிவைக்கும். எஞ்சினை ஓட்டுமுன் கைப்பிடியைச் சாய்த்து உயர்த்தி எழுகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்க. எரிபொருள் தாங்கியில் காற்பங்கே ஊற்றுக. முதற்பறப்பு ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அந்த ஒரு நிமிடமே பதினைந்து சுற்று. தலை சுற்றாதிருக்க விமானத்தை மாத்திரமே பார்க்க வேண்டும்; பின்னாலுள்ள மரங்களையும் மதிலையும் பார்ப்பவன் நான்காம் சுற்றிலேயே தள்ளாடுவான்.

பழகாத பிள்ளை செய்யும் பிழை பெரும்பாலும் ஒன்றே. விமானம் தாழ்கிறதென்று மணிக்கட்டை முழுக்கச் சாய்க்கும். அது செங்குத்தாய் எழும். அஞ்சி மறுபுறம் சாய்க்கும். அது நிலத்துள் பாயும். எனவே மணிக்கட்டை அசைக்க விடாதீர்கள். கையை நேரே நீட்டி, சுட்டுவிரலால் விமானத்தைக் காட்டிக்கொண்டிருப்பது போலத் தோளிலிருந்து முழுக் கையையும் மெல்ல உயர்த்தித் தாழ்த்தச் சொல்லுங்கள். முதல் இரண்டு மூன்று பறப்புக்குப் பெரியவர் பின்னால் நின்று பிள்ளையின் கையோடு தம் கையையும் சேர்த்துப் பிடித்துக் கூடவே சுழல்வது உதவும். தலையளவு உயரத்தில் வட்டமிடுவதே முதல் இலக்கு. குட்டிக்கரணம் எல்லாம் மாதக்கணக்கிற் பின்னர். காற்று வரும் பக்கத்தில் இழை தளர்வதாகத் தோன்றினால், சுற்றிக்கொண்டே ஓரிரு அடி பின்வாங்க வேண்டும். எஞ்சின் நின்றபின்னும் அவ்வாறே பின்வாங்கி, கையைச் சமமாக வைத்திருந்தால் விமானம் தானே வழுக்கி வந்து இறங்கும்.

தகப்பன்மாருக்கு ஒரு சொல். “கொஞ்சம் பொறு, நான் பறக்கவிட்டுக் காட்டுகிறேன்” என்று கைப்பிடியை வாங்கிக்கொண்டு, எரிபொருள் தீரும்வரை திருப்பிக் கொடாத பெரியோர் சிலரைத் திடல்களிற் கண்டிருக்கிறோம். பிள்ளை கோட்டுக்கு வெளியே கைகட்டி நிற்கும். தமக்கும் ஆசையாயின் தமக்கென்று இன்னொன்று செய்துகொள்ளலாமே! மகள் கேட்டால், இது ஆண்பிள்ளை வேலை என்று சொல்லி அனுப்பிவிடவும் வேண்டாம். அரத்தாளைப் பொறுமையாகத் தேய்க்கும் கைக்கே இந்த வேலை வசப்படும்.

விமானம் விழத்தான் செய்யும். ஒரு வாரத்து வேலை இரண்டு துண்டாய்க் கிடப்பதைக் கண்டு பிள்ளையின் முகம் வாடும்பொழுது ஏசாதீர்கள்; துண்டுகளையெல்லாம், நகக்கண் அளவு சில்லு உட்பட, ஒரு பையிற் பொறுக்கி எடுக்கச் சொல்லுங்கள். பல்சா உடைந்த வாய் பொருந்துமாயின் பசையிட்ட இடம் முன்னரிலும் வலுவாகவே நிற்கும். மண் புகுந்த எஞ்சினை மாத்திரம் கழுவித் துடைக்கும்வரை சுழற்றிப் பார்க்க வேண்டாம்.

பறந்து முடிந்தபின் சிறகிற் படிந்த எண்ணெயைத் துணியால் துடைத்து, தாங்கியில் எஞ்சிய எரிபொருளை வெளியேற்றிவிடுக. இழைகளை மரக்கட்டை ஒன்றிற் சீராகச் சுற்றி வைக்க வேண்டும். உருக்கு இழையில் எங்காவது முறுக்கு விழுந்து மடிந்திருந்தால் அதை நிமிர்த்திப் பயன்படுத்த முயலாதீர்கள். மடிந்த இடத்திலேதான் அது அறும். அந்த இழையை எறிந்துவிட்டுப் புதியது கட்டுங்கள். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.